ஆத்தாவுக்கு வந்திருப்பது மறதி நோய்தானா?

காரைக்குடி வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி தம் ஆத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர், ஊர் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆத்தாவுக்கு வயது 74. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகளாக உண்டு. போன தைப்பொங்கல் வரை வீட்டுக் கணக்கைத் தாமே எழுதியவர். ஓலைக் கொட்டான் முடைவதில் கைதேர்ந்தவர். பாத எரிச்சலுக்காக உள்ளூர் மருத்துவர் ஒன்றரை ஆண்டுக்கு முன் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் மாத்திரையை இரவில் போடச் சொன்னார். சிறுநீர் அவசரத்தை அடக்க முடியவில்லை என்று ஐந்து மாதங்களுக்கு முன் மதுரையில் காட்டியபோது, ஆக்ஸிபியூட்டினின் 5 மில்லிகிராம் இரண்டு வேளைக்கு எழுதப்பட்டது. மூன்று வாரத்துக்கு முன் சளி பிடித்தபோது மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை ஒன்றும் சேர்ந்துகொண்டது. அட்டையில் குளோர்பெனிரமைன் என்று இருப்பதாகச் சகோதரி குறிப்பிட்டிருக்கிறார். சளி போய்விட்டது, மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

சில மாதங்களாகவே ஆத்தா மந்தமாக இருந்தார். கடந்த இரண்டு வாரங்களில் நிலைமை திடீரென்று மாறியது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) யாரோ நிற்கிறார்கள் என்கிறார். பத்தியில் (வளவை ஒட்டிய தாழ்வாரத்தில்) படுத்தபடி இரு கை விரல்களாலும் இல்லாத ஓலையை எடுத்து மடக்கி, காற்றிலேயே கொட்டான் முடைகிறார். வாய் வறண்டு, பணியாரத்தை விண்டு கொடுத்தாலும் விழுங்க முடியவில்லை. ஐந்து நாட்களாக மலம் போகவில்லை. பத்து நாட்களுக்கு முன் வேறொரு மருத்துவர் மறதி நோய் என்று சொல்லி டோனெபெசில் மாத்திரை கொடுத்தார். சிறுநீர்க் கசிவு கூடியதால், சகோதரி தாமாகவே மதியத்துக்கும் ஓர் ஆக்ஸிபியூட்டினின் கொடுத்து வருகிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி எல்லா மாத்திரைகளையும் தூக்கி எறியச் சொல்கிறார்; அம்மான், வயதானால் இப்படித்தான் என்கிறார்; பங்காளி வீட்டு ஆச்சி குறி சொல்லும் கோடாங்கியைப் பார்க்கச் சொல்கிறார். இது மறதி நோயா, மாத்திரைகளை நிறுத்தலாமா, தவறு எந்த மருத்துவருடையது என்பவை கடிதத்தின் முக்கியமான மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, ஆத்தாவை அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி தனியே ஒரு குறிப்பு அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னதற்கான காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே மாத்திரைகள் இன்னும் பல வீடுகளின் மருந்து டப்பாக்களில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆத்தாவை நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்ட என்னால் இயலாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் காட்சி, குறிப்பாக அந்த விரல்கள், எனக்குப் பழக்கமானது. பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில், பூச்சிமருந்து குடித்த ஒரு விவசாயியை இரவு முழுவதும் பார்த்துக்கொண்டேன். வாயில் நுரை, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, நெஞ்சில் நீர் கோத்துக் கொரகொரவென்ற மூச்சு. 0.6 மில்லிகிராம் அட்ரோபின் ஊசிக்குப்பிகளை உடைத்து உடைத்து ஏற்றினோம்; விடியும்போது தட்டில் உடைந்த கண்ணாடிக் கழுத்துகள் குவிந்து கிடந்தன. நெஞ்சு தெளிந்தது, அவர் பிழைத்தார். மறுநாள் மாலை, உடம்பு அனலாய்க் கொதிக்க, சொட்டு வியர்வை இல்லாமல், போர்வையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நூலைப் பிடுங்கிக்கொண்டு, இல்லாத மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, அட்ரோபின் கூடிவிட்டது. அளவைக் குறைத்தோம், இரண்டு நாளில் தம் பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னார்.

உங்கள் ஆத்தா சாப்பிடும் மாத்திரைகளில் மூன்று அந்த அட்ரோபினின் உறவுக்காரர்கள். பாத எரிச்சல், சிறுநீர், சளி என்று மூன்று வேறு காரணங்களுக்காக வந்தாலும், மூன்றும் உடம்பில் ஒரே இடத்தில் போய் உட்காருபவை. இவற்றைக் கோலினெர்ஜிக் தடுப்பு மருந்துகள் என்கிறோம்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாதவர்

நரம்பு தன் செய்தியை அடுத்த செல்லுக்குச் சொல்லப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று அசிட்டைல்கோலின். நரம்பு வெறும் மின்சாரத்தால் மட்டும் பேசுவதில்லை, இரசாயனத்தாலும் பேசுகிறது என்பதை ஆட்டோ லோவி 1921-இல் தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஓர் இதயத்தில், துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயம் ஊறியிருந்த நீரை இன்னோர் இதயத்தின் மேல் விட்டபோது இரண்டாவதன் துடிப்பும் தணிந்தது. சோதனையின் வழிமுறை தமக்குக் கனவில் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார்.

இந்த அசிட்டைல்கோலின் போய் உட்காருவதற்கென்று செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. நம் கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி இலை முன் உட்கார்ந்தால் பரிமாறல் நடக்கிறது: உமிழ்நீர் சுரக்கிறது, குடல் அசைகிறது, சிறுநீர்ப்பை சுருங்குகிறது, கண்மணி குறுகுகிறது, இதயம் நிதானப்படுகிறது, மூளையில் கவனமும் நினைவும் ஓடுகின்றன. தடுப்பு மருந்து என்பது இலை முன் வந்து உட்கார்ந்து, சாப்பிடாமலும் எழுந்திருக்காமலும் இருக்கும் ஆள். அவர் எதையும் கெடுப்பதில்லை. இடத்தை அடைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். மாத்திரை நரம்பை மரத்துப் போகச் செய்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அது அனுப்பிய விருந்தாளிக்கு இடம் கிடைக்கவில்லை.

நாம் இங்கே பேசும் மருந்துகள் அடைப்பது மஸ்கரினிக் எனப்படும் வகை ஏற்பிகளை. அவற்றில் ஐந்து உட்பிரிவுகள் உண்டு; மூளை, இதயம், சுரப்பிகள், சிறுநீர்ப்பை என இடத்துக்கு இடம் விகிதம் மாறும். சிறுநீர்ப்பைக்கென்று விழுங்கிய மாத்திரை சிறுநீர்ப்பைக்கு மட்டும் போவதில்லை. இரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. அதனால்தான் வாய் வறள்கிறது, மலம் கட்டுகிறது, வியர்வை நிற்கிறது. சித்திரை வெயிலில் நம் ஊரில் வியர்வை நிற்பது சின்ன விஷயமில்லை.

அட்ரோபினும் அதன் உடன்பிறப்பான ஹையோசினும் செடிகளிலிருந்து வந்தவை. நம் வேலியோர ஊமத்தையிலும் இந்தக் குடும்பத்துப் பொருள்கள்தாம் இருக்கின்றன. ஊமத்தைக்கு உன்மத்தம் என்றும் ஒரு பெயர் உண்டு, அந்தச் சொல்லுக்குப் பித்து என்பதும் பொருள். இந்த மாத்திரைகளை விட்டுவிட்டு நாட்டு மருந்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். சிலர் மூச்சிழுப்புக்கு ஊமத்தை இலையைப் புகைக்கச் சொல்வார்கள்; அது ஆத்தாவுக்கு நான்காவது ஆளையும் அதே பந்தியில் உட்காரவைப்பதாகும்.

இவை கெட்ட மருந்துகள் இல்லை

தம்பியின் கோபம் புரிகிறது. ஆனால் இந்த மருந்துக் குடும்பம் இல்லாமல் ஒரு மருத்துவமனை ஒரு நாள்கூட ஓடாது. பல பூச்சிமருந்துகளில் இருக்கும் ஆர்கனோபாஸ்பரஸ், சாப்பிட்டு முடித்தவர்களை எழுப்பி அனுப்பும் நொதியையே முடக்கிவிடுகிறது. பந்தி நெரிந்து, நுரையீரலில் நீர் கோக்கிறது. அங்கே இலைகளை அடைத்து உட்கார ஆள் தேவை; அதுதான் அட்ரோபின், அதுதான் உயிர் காக்கும் மருந்து. மயக்க மருத்துவர் கிளைகோபைரோலேட் கொடுத்து எச்சிலையும் இதயத் துடிப்பின் சரிவையும் கட்டுப்படுத்துகிறார். கண் மருத்துவர் சொட்டுமருந்தால் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கிறார். நாள்பட்ட புகைப்பழக்கத்தால் மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்கு டையோட்ரோபியம் உறிஞ்சு மருந்து. பேருந்துப் பயண வாந்திக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் ஹையோசின் வகைகள். பார்க்கின்சன் நடுக்கத்துக்கும், சில மனநல மருந்துகளால் வரும் தசை இறுக்கத்துக்கும் டிரைஹெக்சிஃபெனிடில். ஆத்தாவுக்கு எழுதிய ஆக்ஸிபியூட்டினினும், நேரங்காலமில்லாமல் சுருங்கும் சிறுநீர்ப்பையைத் தளர்த்துவதற்காக முறையாக எழுதப்படும் மருந்துதான்.

சிக்கல் எழுவது வயதாலும் கூட்டுத்தொகையாலும். 40 வயதுக்காரருக்கு வாய் வறட்சியோடு முடிந்துபோகும் அளவு, 74 வயதில் மூளையைக் கலக்கலாம். முதுமையில் மூளையின் அசிட்டைல்கோலின் கையிருப்பே குறைவு. மருந்தை வெளியேற்றும் கல்லீரலும் சிறுநீரகமும் மெதுவாகிவிடுகின்றன. ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள் எளிதில் நுழையும் தன்மை கொண்டது. அமிட்ரிப்டிலினும் குளோர்பெனிரமைனும் அப்படியே. முதியவர்கள் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் அவ்வப்போது புதுப்பித்து வெளியிடும் பீர்ஸ் பட்டியலில் இந்த வகை மருந்துகளுக்குத் தனி எச்சரிக்கையே இருக்கிறது. தனித்தனியே பார்த்தால் மூன்று மருந்துகளுக்கும் காரணம் இருக்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மறதியும் மயக்கக் குழப்பமும்

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும். இரண்டு வாரத்தில் விழுவதும், காலையில் தெளிந்து இரவில் மோசமாவதும், கவனம் நிற்காமல் நழுவுவதும், நோயாலோ மருந்தாலோ திடீரென்று வரும் மயக்கக் குழப்பத்தின் (டெலிரியம்) குறிகள். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: பங்குனியிலிருந்து பின்னோக்கி மாதப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். மறதி நோயின் தொடக்கத்தில் இருக்கும் பலர் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவார்கள். குழப்பத்தில் இருப்பவர் மாசி, தை என்று ஆரம்பித்து, பாதியில் வளவில் நிற்பவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அம்மான் சொல்வதுபோல் இதை வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. கோடாங்கியிடம் போவதில் எனக்கு விவாதமில்லை, மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகு போங்கள்.

அதே சமயம், எல்லாம் மாத்திரையால்தான் என்று நான் எழுதியதாகவும் கொள்ள வேண்டாம். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை தாழ்வது, விழுந்ததில் தலைக்குள் இரத்தக் கசிவு, ஏன், ஐந்து நாள் மலச்சிக்கலே கூட முதியவரைக் குழப்பும். ஆகவே சிறுநீர், இரத்தச் சர்க்கரை, சோடியம், கிரியேட்டினின், இதய மின்வரைபடம் ஆகிய சோதனைகளை மருத்துவர் செய்யச் சொன்னால் வீண்செலவு என்று எண்ணாதீர்கள்.

டோனெபெசில் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பந்தியிலிருந்து ஆட்களை எழுப்பும் நொதியை மெதுவாக்கி, விருந்தாளிகளைக் கூட்டும் மருந்து. ஒரு பக்கம் மூன்று பேர் இலைகளை அடைத்திருக்க, மறுபக்கம் வாசலில் கூட்டம் சேர்க்கிறோம். போதாக்குறைக்கு, டோனெபெசில் சிலருக்குச் சிறுநீர் அவசரத்தையே உண்டாக்கும். வேறு சில வீடுகளில் கதை தலைகீழாக நடப்பதையும் பார்த்திருக்கிறேன்: மறதி மாத்திரையால் கசிவு வரும், கசிவுக்குத் தடுப்பு மாத்திரை வரும், அதனால் மறதி கூடும்.

மதியம் கொடுத்த அந்த மாத்திரை

இதை எழுதும்போது உங்களைக் குற்றம் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. கசிவு கூடியதால் மருந்து போதவில்லை என்று நினைத்தீர்கள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் சிறுநீர்ப்பை சுருங்க முடியாமல் போனால் சிறுநீர் உள்ளேயே தேங்கி, ஊருணி நிரம்பி வழிவதுபோல் சொட்டுச் சொட்டாக வழியும். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் கசிவாகவே தெரியும். அடிவயிறு கல்போல் உப்பியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஸ்கேன் சில நிமிடங்களில் சொல்லிவிடும். தேங்கியிருந்தால் தேவைப்படுவது குழாய். இன்னொரு மாத்திரை நிலைமையை மோசமாக்கும். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீரே வராவிட்டால், கண் சிவந்து வலியோடு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், வியர்வையின்றி உடம்பு கொதித்தால், எழுப்ப எழுப்பத் தூங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். கண் அறிகுறியைத் தனியே சொல்லக் காரணம், கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகியவர்களுக்கு இந்த மருந்துகள் கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றி, பார்வையையே பறிக்கக்கூடும்.

எதை நிறுத்துவது, எப்படி

தம்பி சொல்வதுபோல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தால் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளும் சேர்ந்து போய்விடும். அதில் எந்த நியாயமும் இல்லை. சளி மாத்திரையை இன்றே விட்டுவிடலாம். மதிய ஆக்ஸிபியூட்டினினும் இன்றோடு நிற்கட்டும். காலை, இரவு மாத்திரைகளைத் தொடர்வதா என்பதைச் சிறுநீர்ப்பையைச் சோதிக்கும் மருத்துவர் அன்றே முடிவுசெய்வார், பெரும்பாலும் நிறுத்தவே சொல்வார். அமிட்ரிப்டிலினை மட்டும் ஒரே இரவில் வெட்டக் கூடாது. ஒன்றரை ஆண்டாக அடைபட்டிருந்த இலைகள் திடீரென்று காலியானால் குமட்டல், வியர்வை, தூக்கமின்மை, பதற்றம் என்று உடம்பு எதிர்த்திசையில் பாயும். நிலைமை கடுமையாக இருந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பில் விரைவாகவும், இல்லாவிட்டால் சில வாரங்களில் படிப்படியாகவும் குறைப்பார்கள். பாத எரிச்சலுக்கு டுலாக்செடின், கேபாபென்டின் போன்ற மாற்றுகள் இருக்கின்றன. அவற்றுக்கும் தலைச்சுற்றல், சோடியம் குறைதல் போன்ற பின்விளைவுகள் உண்டு என்பதால் சிறிய அளவில்தான் தொடங்குவார்கள்.

சிறுநீர் அவசரத்துக்கு வேறு வழியில் வேலை செய்யும் மிராபெக்ரான் என்ற மருந்து உண்டு. அது இந்தப் பந்திக்கே வராது. ஆனால் இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்க வேண்டும். மருந்துக்கு முன்னால் நான் உங்கள் வீட்டின் அமைப்பைப் பார்ப்பேன். முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லைப்புறத்தில்தான் கழிப்பறை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய வழுவழுப்பான தரையில், எரியும் பாதத்தோடு, நள்ளிரவில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டிய யாருக்கும் அவசரம் அடங்காது. ஆத்தா படுக்கும் அறைக்குள்ளேயே ஒரு கழிப்பறை நாற்காலி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நேரம் பார்த்து அழைத்துப் போவது, மாலைக்குப் பின் காப்பியைக் குறைப்பது, குழப்பம் தெளிந்தபின் இடுப்படித் தசைப் பயிற்சி ஆகியவற்றால் மாத்திரையே தேவைப்படாமல் போனவர்கள் உண்டு. எதைத் தொடங்குவதானாலும், தெளிந்திருக்கும் நேரத்தில் ஆத்தாவிடமே கேளுங்கள். கசிவுக்கு வெட்கப்பட்டே அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அவரை எதிரில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேசுவது அந்த வெட்கத்தைக் கூட்டும்.

யார் தவறு?

எழுதிய இரு மருத்துவர்களுக்கும் மற்றவருடைய சீட்டு தெரிந்திருக்கவில்லை. அவர்கள் கேட்டிருக்க வேண்டும், நீங்களும் காட்டியிருக்கலாம். 74 வயதுக்காரரின் மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் மறதி நோய் என்று சொன்னது அவசரம் என்பதே என் கருத்து. சீட்டுக் கேட்காமல் சளி மாத்திரையை நீட்டிய மருந்துக்கடையையும் விட்டுவிட முடியாது. இது வழக்காகுமா என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதால் இந்த வாரமே முடிவெடுக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் சேர்த்தால், உள்நோயாளி ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. கேட்டு வாங்கி வையுங்கள். மருந்தின் பாதகமான விளைவை நோயாளியின் குடும்பமே தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அந்தப் பதிவு யாரையும் தண்டிக்காது, அடுத்த ஆத்தாவுக்கு உதவும்.

மருத்துவமனைக்குப் போகும்போது பட்டியல் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், சொட்டுமருந்துகள், தைலங்கள், லேகியம் அத்தனையையும் ஆத்தா முடைந்த ஒரு கொட்டானிலேயே போட்டு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் கவிழ்த்துவிடுங்கள். தடுப்பு மருந்துகள் நின்றபின் குழப்பம் சில நாட்களில் தணியத் தொடங்கலாம். முழுத் தெளிவுக்குச் சில வாரங்கள் ஆகலாம், இடையில் ஓரிரு இரவுகள் மீண்டும் மோசமாகலாம். இந்த மருந்துகளைப் பல ஆண்டுகள் உட்கொண்டவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் உண்டு. மருந்துதான் அதற்குக் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. எனவே ஞாபகப் பரிசோதனையை இப்போது செய்யாமல், குழப்பம் முற்றிலும் தெளிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். டோனெபெசில் வேண்டுமா என்பதும் அப்போது தெரிந்துவிடும். அன்றைக்கு ஆத்தாவின் கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாமல் பரிசோதனைத் தாளைக் காட்டி, படிக்கவில்லை என்று மதிப்பெண் குறைத்த சம்பவங்கள் எனக்குத் தெரியும்.